பழைய டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டியும் வீஜிஏ கார்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் என்னிடம் காட்டப்படும் டெஸ்க்டொப்கள் அநேகமாக ஒரே வகைதான். இன்டெல் கோர் ஐ3 அல்லது ஐ5, இரண்டாம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறை வரை, அதாவது 2011 முதல் 2016 வரையான காலத்துச் சாமான். ஒன்றில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பூட்டி எடுத்ததாக இருக்கும், இல்லாவிட்டால் வெளிநாட்டு ஒபிஸ்களில் ஓடி முடிந்து இங்கே வந்திறங்கிய டெல், எச்பி, லெனோவோ பெட்டியாக இருக்கும். கேள்விகளும் திரும்பத் திரும்ப அவையேதான், அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலை எதுவும் போடவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை சில வாரங்களில் ஏறியதைப் பார்த்த பிறகு விலை எழுதி வைப்பதில் அர்த்தமில்லை.

"ஓன் பண்ணிப்போட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சாலும் சுத்திக்கொண்டே நிக்குது. மெஷின் முடிஞ்சுதா? வேற வாங்கோணுமா?"

முடியவில்லை. மெஷின் திணறும் நேரத்தில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். அது 100 வீதத்தில் நிற்க, சிபியூ 15, 20 வீதத்தில் சும்மா கிடந்தால் பிரச்சினை ஹார்ட் டிஸ்க்கில்தான்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், அதன் மேல் ஒரு கை நகர்ந்து போய்ப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் டிஸ்க்கில்கூட ஒரு துண்டைத் தேடிப் பிடிக்க ஏறக்குறைய 12 மில்லி செக்கன் ஆகும். விண்டோஸோ திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கிறது. அதற்குப் பதிலாகப் போடும், நினைவுச் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது, அதே தேடலுக்கு 0.1 மில்லி செக்கன் அளவுதான் எடுக்கும். பழைய ஐ3 மெஷினும் எஸ்எஸ்டி போட்டவுடன் அரை நிமிடத்துக்குள் திறப்பது இதனால்தான்.

"எஸ்எஸ்டியா, ராமா, வீஜிஏ கார்டா? ஒண்டுக்குத்தான் இப்ப காசு இருக்கு."

எஸ்எஸ்டி. ராம் 4 ஜிபிதான் என்றால் அடுத்த மாதம் அதை 8 ஆக்குங்கள். 2015 க்கு முந்திய மெஷினுக்கு அநேகமாக டிடிஆர்3 வேண்டும், அது இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கும். வீஜிஏ கார்ட், அதாவது திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்ட், கடைசி. விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைதல் எதுவும் இல்லாத வீட்டுக்கு அது தேவையே இல்லை.

"கடைக்காரர் எம்.2 எண்டு சுயிங்கம் சைஸ்ல ஒண்டைக் காட்டினார். அதுதான் வேகமாம். என்ட மெஷினுக்குச் சரிவருமா?"

முதலில் மதர்போர்டில், அதாவது எல்லாவற்றையும் செருகும் பிரதான பலகையில், அதற்கான இடம் இருக்க வேண்டும். இன்டெல் பலகைகளில் எம்.2 பரவலாக வரத் தொடங்கியது 2014 இல், 9 தொடர் சிப்செட்டோடு (பலகையின் பிரதானச் சில்லு). அதற்கு முந்தியதென்றால் உங்களுக்கு வேண்டியது 2.5 இஞ்சி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் செருகும் அதே வகை வயரில் ஓடுவது. லெப்டொப் டிஸ்க் மாதிரித் தட்டையாக இருக்கும். இது செக்கனுக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை படிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் 100 முதல் 150 வரைதான்.

எம்.2 இடம் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இ என்ற வகையும் வரும். சில பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். பலகையின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய், தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

"எம்.2 இடம் இல்லாட்டி ஒரு கன்வேர்ட்டர் கார்ட் போட்டு என்விஎம்இ பூட்டலாம் எண்டு யூடியூப்ல காட்டீனம்."

பூட்டலாம், விண்டோஸ் அதைக் காணவும் செய்யும். ஆனால் அதிலிருந்து விண்டோஸ் திறக்க, மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் பலகையின் மென்பொருளான பயோஸுக்கு என்விஎம்இ தெரிந்திருக்க வேண்டும். 2011, 2012 காலத்துப் பலகைகள் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. பயோஸை மாற்றி எழுதியும், பென் டிரைவிலிருந்து தொடங்கியும் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஆசை உள்ளவர்கள் செய்யட்டும். அம்மா வங்கிக் கணக்குப் பார்க்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம், சாட்டாவே போதும்.

"என்ட போர்டில சாட்டா 2 தான் இருக்காம். அப்ப எஸ்எஸ்டி போட்டு பிரயோசனம் இல்லைதானே?"

இருக்கிறது. எச்61 சிப்செட் பலகைகளில் சாட்டா 2 மட்டுமே உண்டு, உச்ச வேகம் செக்கனுக்கு 280 எம்பி அளவில் நின்றுவிடும். ஆனால் நீங்கள் உணரப்போவது அந்த உச்ச வேகத்தை அல்ல, முதல் பதிலில் சொன்ன தேடல் நேரத்தை. அது சாட்டா 2 இலும் அப்படியேதான் குறையும். வேறு பலகை என்றால் 6 ஜிகாபிட் என்று குறித்த துளையில் செருகுங்கள். ஒரே பலகையில் இரண்டு வகையும் கலந்திருக்கும்.

"120 ஜிபி காணுமா?"

விண்டோஸும் ஒபிஸும் மட்டும் என்றால் காணும், ஆனால் மூச்சு முட்டும். 240 அல்லது 256 எடுங்கள். முழுக்க நிரப்பிய எஸ்எஸ்டி எழுதும்போது மெதுவாகும், அதனால் கொஞ்சம் இடம் எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

"விண்டோஸ் திருப்பிப் போடாம மாத்த ஏலாதா? அப்பாவின்ட கடைக் கணக்கு சொப்ட்வெயார் இருக்கு. போட்டுத் தந்த பெடியன் இப்ப கனடாவில."

ஏலும். க்ளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்கலாம். சாம்சங், குருஷியல் போன்றவர்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கு அதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். க்ளோன்ஸில்லாவும் இலவசம்தான், ஆனால் அது சாதாரணமாக மூல டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரிதோ எதிர்பார்க்கும். 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு என்றால் தயாரிப்பாளரின் மென்பொருள் சுலபம். படங்களையும் வீடியோக்களையும் முதலில் வேறு இடத்துக்கு மாற்றி, மிச்சத்தை எஸ்எஸ்டிக்குள் அடங்கும் அளவுக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் தனியாக எடுத்து வையுங்கள்.

பயோஸில் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்ற பழைய முறை இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றுவது நல்லது. எஸ்எஸ்டி அதில்தான் முழு வேகத்தில் ஓடும். ஆனால் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும்போது நேரடியாக மாற்றினால் நீலத் திரை வரும். விண்டோஸ் 10 என்றால், அடுத்த தடவை சேஃப் மோடில் திறக்கும்படி வைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்துவிட்டு, பிறகு சாதாரணமாகத் திறக்கலாம்.

புதிதாகவே விண்டோஸ் போடத் தீர்மானித்தால் ஏஎச்சிஐயை முதலிலேயே மாற்றிவிடுங்கள். அப்புறம், பாமினி எழுத்துருவைப் பிரதி எடுத்து வைக்க மறக்க வேண்டாம். பழைய கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ் கோப்புகளைத் திறந்து வெறும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பதறியவர்கள் பலர்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்யிற?"

நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விடுங்கள், படமும் பாட்டும் அங்கே. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய பகுதிகள், காத்திருக்கும் பகுதிகள் என்ற வரிகளில் மஞ்சள் தெரிந்தால், உள்ளதை உடனே வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். க்ளோன் செய்த பிறகு முதல் தடவை எஸ்எஸ்டியை மட்டும் இணைத்துத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் பழையதிலிருந்தே திறந்துகொண்டு, எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

"ஒன்லைன்ல 2 டிபி எஸ்எஸ்டி அரை விலைக்குப் போகுது. எடுக்கலாமா?"

வேண்டாம். உள்ளே 64 ஜிபி நினைவுச் சில்லை வைத்து, 2 டிபி என்று காட்டும்படி மாற்றியவை சந்தையில் உண்டு. கொப்பி செய்யும்போது எல்லாம் போனது மாதிரியே இருக்கும், திறக்கும்போதுதான் கோப்பு பழுது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் எழுதிப் படித்துப் பாருங்கள், உண்மை அளவு தெரிந்துவிடும். எஸ்எஸ்டியை வாரன்டி ஸ்டிக்கர் ஒட்டித் தரும் கடையில் எடுப்பதுதான் நல்லது. பில்லைப் போனில் படம் பிடித்து வையுங்கள், அந்தத் தாளின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

"விண்டோஸ் 10 முடிஞ்சுதாமே? 11 போடுற மெஷினும் இல்ல எண்டால் இதுக்குக் காசு செலவழிச்சு என்ன?"

நியாயமான கேள்வி. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். அந்தத் தடையைச் சுற்றிப் போய் 11 ஐப் பழைய மெஷின்களில் ஏற்ற முடியும், கோர் ஐ மெஷின்களில் ஓடும், ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தராது. கோர் ஐக்கு முந்திய கோர் 2 டுவோவில் புதிய பதிப்புகள் திறக்கவே திறக்காது, தேவையான கட்டளைகள் அந்தச் சிபியூவில் இல்லை.

பாடம் படிக்க, சூம் வகுப்பு, பிரவுசர் இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், தமிழ் தட்டச்சும் வரும். எஸ்எஸ்டிக்குச் செலவழித்த காசு எப்படியும் வீணாகாது. நாளைக்கு வேறு மெஷின் எடுத்தால் கழற்றி அதில் பூட்டலாம். வீஜிஏ கார்டும் அப்படித்தான். இந்த மெஷினோடு சாகிற சாமானில்தான், உதாரணமாகப் பழைய பலகைக்கு மட்டும் பொருந்தும் சிபியூவில், காசைப் போடக்கூடாது.

"வீஜிஏ கார்ட் போட்டா மெஷின் ஸ்பீட் ஆகுமா?"

விளையாட்டு ஸ்பீட் ஆகும். மெஷின் ஆகாது.

"எந்தக் கார்ட் என்ட கேஸிங்குக்குள்ள போகும்?"

கடைக்குப் போக முன் கேஸிங்கைத் திறந்து, அடிமட்டத்தோடு இருங்கள். மூன்று அளவு வேண்டும்: ஸ்லொட்டிலிருந்து முன்பக்க டிஸ்க் கூடு வரை நீளம், கீழே இன்னொரு ஸ்லொட் வெறுமையாக இருக்கிறதா என்பது, பின்பக்கத் தகட்டின் உயரம். ஒபிஸ் பெட்டிகளில் மெலிந்த வகை, படுக்க வைக்கக்கூடிய வகை, இருக்கிறதே, அதில் பாதி உயரக் கார்ட்தான் போகும். அந்தக் கார்டோடு சின்னத் தகடும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டாம் கையில் வாங்கும்போது அந்தத் தகடுதான் எப்போதும் தொலைந்திருக்கும்.

"பவர் சப்ளையில 500 வோட்ஸ் எண்டு எழுதியிருக்கு. எந்தக் கார்டும் இழுக்கும்தானே?"

முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை விடுங்கள், பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். வீஜிஏ கார்டுக்குப் பலம் வருவது அதிலிருந்துதான். 12 வோல்ட்டுக்கு 16 அம்பியர் என்று போட்டிருந்தால் 12 ஐ 16 ஆல் பெருக்க 192 வோட்ஸ். கேஸிங்கோடு சும்மா வருகிற யூனிட்டுகளில் 500 என்ற எழுத்துக்குப் பின்னால் இப்படித்தான் இருக்கும். நல்ல கம்பனியின் 450 வோட்ஸ் யூனிட்டில் 12 வோல்ட் வரி மட்டுமே 400 க்கு மேல் தரும்.

ஸ்லொட் தருவது 75 வோட்ஸ் வரை. பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு நேராகப் போகும் 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. அந்த வயர் இல்லாத யூனிட்டுக்கு, பழைய டிஸ்க்குகளுக்குப் போகும் வயரிலிருந்து மாற்றும் மொலெக்ஸ் கன்வேர்ட்டர் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அந்த வயரை வைக்கவில்லை என்றால், அவ்வளவு பலம் தர அந்த யூனிட் செய்யப்படவில்லை என்றுதான் அர்த்தம். ஒபிஸ் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 இன் மெலிந்த வகைக்கு 240 வோட்ஸ், உயர்ந்த வகைக்கு 275. பல டெல், எச்பி, லெனோவோ மொடல்களில் பலகைக்குப் போகும் இணைப்பி வழமையான 24 பின் அல்ல, கடையில் விற்கும் யூனிட் நேராகப் பொருந்தாது. அவற்றுக்கு அடுத்த பதில்தான் வழி.

யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 650 விஏ என்பது அநேகமாக 360 அல்லது 390 வோட்ஸ்தான். பெரிய கார்ட் போட்டால் கரண்ட் போகிற அந்தச் செக்கனில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து போகும்.

"வயர் ஒண்டும் குத்தாம ஓடுற நல்ல கார்ட் எது?"

என்விடியாவின் ஜிடி 1030 வெறும் 30 வோட்ஸ், லேசான விளையாட்டுக்கு. ஆனால் அதில் ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அதே பெயரில் 2018 இல் வந்த டிடிஆர்4 வகை பாதி வேகத்துக்குப் போய்விடும், பெட்டியோ பார்க்க ஒரே மாதிரி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் 75 வோட்ஸ், ஆனால் சில தயாரிப்புகளில் 6 பின் கேட்கும், பார்த்து எடுங்கள். புதிதாக வாங்க வசதி இருந்தால் ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை, 70 வோட்ஸ்.

இன்றைய நிலையில் நான் 1650 பக்கம்தான் சாய்வேன். 1030, 1050 டிஐ உள்ளிட்ட பஸ்கல் தலைமுறைக்கு என்விடியா புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். இருக்கிற கார்ட் நாளைக்கே நின்றுவிடாது, ஆனால் இப்போது புதிதாகக் காசு கொடுப்பவர் யோசிக்க வேண்டும். இன்டெல் ஆர்க் கார்டுகள் பழைய பலகைக்கு வேண்டாம். அவை நம்பியிருக்கும், பலகை தர வேண்டிய ரீசைஸபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் வேகம் நன்றாகவே விழும்.

"புதுக் கார்ட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4. என்ட போர்ட் 2. வேலை செய்யுமா?"

செய்யும். 4, 2 என்பது கார்ட் செருகும் ஸ்லொட்டின் தலைமுறை, குறைந்த வேகத்தில் இரண்டும் ஒத்துப்போகும். கவனிக்க வேண்டியது பலகையோடு தரவைப் பரிமாறக் கார்ட் எத்தனை பாதை பாவிக்கிறது என்பதை. 16 பாதைக் கார்டுக்குப் பெரிய இழப்பில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 க்கு 4 பாதைதான். 4.0 பலகையில் செக்கனுக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும் இடத்தில், 2.0 பலகையில் 2 ஜிபிதான் போகும். 53 வோட்ஸ், பாதி உயரம், பார்த்தால் ஒபிஸ் பெட்டிக்கே செய்த மாதிரி இருக்கும். ஆனால் பழைய பலகையில் விளையாட்டு திக்கித் திக்கிப் போகும். ஜிடி 1030 க்கும் 4 பாதைதான், அதன் வேகத்துக்கு அது போதும்.

"மொனிட்டர் பழசு, நீல வயர்தான் இருக்கு. கார்டில அந்த ஓட்டை இல்ல."

இப்போதைய கார்டுகளில் வராது. எச்டிஎம்ஐயிலிருந்து வீஜிஏக்கு (அந்த நீல வயரின் பெயரும் வீஜிஏதான்) மாற்றும், உள்ளே சில்லு உள்ள கன்வேர்ட்டர் வேண்டும். புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கும். சில்லு இல்லாத வெறும் வயர் வேலை செய்யாது.

"இரண்டாம் கை கார்ட் எடுக்கப் பயமா இருக்கு. எல்லாம் மைனிங் பண்ணினதாம்."

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தது உண்மை. மைனிங் கார்ட் எல்லாம் செத்த கார்ட் அல்ல. காற்றாடியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். மெஷினில் பூட்டி, ஏதாவது கனமான விளையாட்டை அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தால் அல்லது விற்பவர் நேரமில்லை என்றால் திரும்பி வாருங்கள்.

எனக்கு மைனிங்கைவிடப் பயம் போலிக் கார்ட். பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள், விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியூ-இசட் என்ற சிறிய மென்பொருள் போலி என்று எழுதியே காட்டும். அது கையில் இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பாருங்கள்: உண்மையான 1050 டிஐயால் நீல வீஜிஏ சிக்னலைத் தரவே முடியாது. அந்த ஓட்டை இருந்தால் அது வேறு கார்ட்.

"தம்பி வலோரன்ட் விளையாடோணுமாம். 11 ஐச் சுத்தி வளைச்சுப் போட்டுக் குடுக்கவா?"

கொடுத்தால் அநேகமாக விளையாட்டுத் திறக்காது. வலோரன்ட் லேசான விளையாட்டுத்தான், பழைய ஐ5 உம் ஜிடி 1030 உம் இழுக்கும். ஆனால் விண்டோஸ் 11 இல் அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் டிபிஎம் 2.0 ஐயும், செக்கியூர் பூட் (Secure Boot) என்ற பயோஸின் தொடக்கப் பாதுகாப்பையும் கட்டாயம் கேட்கும். மேலே சொன்ன குறுக்குவழி மைக்ரோசொப்ட்டைத் தாண்ட உதவும், இதைத் தாண்ட உதவாது. ஜிடிஏ 5 போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

"நான் கல்யாண வீடியோ வெட்டுறன். 1030 காணுமா?"

காணாது. வேகத்தைவிடப் பெரிய காரணம், 1030 இல் வீடியோவை எழுதும் வன்பொருள் பகுதியே கிடையாது. ஆர்எக்ஸ் 6400 இலும் இல்லை. 1050 டிஐயிலும் 1650 இலும் உண்டு. ராமை 16 ஜிபி ஆக்கி, வெட்டுகிற கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்தால் பாதி எரிச்சல் அதிலேயே போகும்.

"எல்லாம் பூட்டினன். காற்றாடி சுத்துது, திரை கறுப்பு."

மொனிட்டர் வயர் இன்னும் பலகையின் ஓட்டையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அநேகமாக அதுதான். அடுத்து 6 பின் வயர், கார்ட் கிளிக் என்று உட்கார்ந்ததா என்பது. வெள்ளவத்தை, தெஹிவளையில் ரயில் பாதைக்குக் கிட்ட, கடலோரமாக வீடென்றால் உப்புக் காற்றில் தொடுகைகள் கறுத்திருக்கும். கார்டின் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு மீண்டும் பூட்டுங்கள். வேலைக்கு முன் பிளக்கைக் கழற்ற வேண்டும், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அதற்கும் வராவிட்டால் பலகையில் உள்ள வட்ட பற்றரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து பயோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த சிஆர்2032 பற்றரி பத்து வருடம் பழசென்றால் புதிதையே போடுங்கள். கார்டைக் கழற்றிவிட்டு, சிபியூவோடு வரும் கிராபிக்ஸில் திறந்து, பலகைக்குப் புதிய பயோஸ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2010, 2011 பலகைகள் சில, அண்மைக் காலக் கார்டுகளை அடையாளம் காண்பதே இல்லை. கடைசியாக, கார்டை மட்டும் இல்லாமல் மெஷினையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். கார்ட் கடையின் மெஷினில் வேலை செய்து உங்களுடையதில் செய்யாவிட்டால், பிரச்சினை பலகையிலா பவர் சப்ளையிலா என்று அங்கேயே வேறொரு யூனிட்டைக் குத்திப் பார்த்துவிடலாம்.